நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் ‘சட்டவிரோதக் குடியேறி’: மலையகத் தமிழரும் தீர்க்கப்படாத 1964 கடனும்

தேனி மாவட்டத்தின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வளர்ந்த இளைஞர்கள் சட்ட ஆலோசனை கேட்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: இந்த மண்ணில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் குடியுரிமை கிடைக்கும்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. போர்க்காலத்தில் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ சென்ற ஈழத்தமிழர்கள் முதலில் நிரந்தரக் குடியிருப்புரிமை பெற்றனர். சில ஆண்டுகளில் அந்நாடுகளின் குடிமக்களும் ஆயினர். இன்று கனடாவில் நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருவர் ஐந்தாண்டுக்குள் மூன்றாண்டுகள் அங்கே வாழ்ந்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவில் நான்காண்டுகள் சட்டப்படி வசித்திருந்து, கடைசி ஓராண்டு நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தால் போதும். அதே படகுத்துறைகளிலிருந்து இராமேசுவரம் வந்து சேர்ந்தவர்களோ நாற்பதாண்டுகள் கடந்தும் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறார்கள்.

இதற்குக் காரணம் அதிகாரிகளின் மெத்தனம் மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மெத்தனம் உண்டு. ஆனால் அதற்கு முன்பாகச் சட்டமே ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. அந்தக் கதவு எது, அது யாருக்காகத் திறக்கப்பட்டது, யாருக்கு மூடியே கிடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முகாம்களில் வாழ்வோரில் ஒரு பெரும் பகுதியினர் மலையகத் தமிழர்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்களின் முன்னோர் பெரும்பாலும் பள்ளர், பறையர், அருந்ததியர் சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். ஆகவே இது ஒடுக்கப்பட்ட மக்களின் குடியுரிமைச் சிக்கலும் ஆகும்.

ஏணி இல்லாத சட்டம்

மேலை நாடுகளில் உள்ளதுபோல ‘நிரந்தரக் குடியிருப்பாளர்’ என்றொரு படிநிலை இந்தியச் சட்டத்தில் பொதுவாக இல்லை. 2016இல் ஒன்றிய அரசு அப்பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பதினெட்டு மாதங்களுக்குள் 10 கோடி ரூபாயோ, முப்பத்தாறு மாதங்களுக்குள் 25 கோடி ரூபாயோ முதலீடு செய்து, இந்தியர்களுக்கு வேலைவாய்ப்பும் தரும் வெளிநாட்டவருக்கானது அது. பணம் கொண்டுவந்தவருக்கு நிரந்தரக் குடியிருப்பு என்ற சொல் கிடைத்தது. உழைப்பைக் கொண்டுவந்தவருக்கு அச்சொல் இன்றுவரை கிடைக்கவில்லை.

வெளிநாட்டவர் குடிமகனாக 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரண்டு முதன்மையான வழிகளைத் தருகிறது. முதலாவது, பிரிவு 5இன் கீழ் பதிவு. இந்திய வம்சாவளியினர் இங்கு ஏழாண்டுகள் வசித்திருந்தால் பதிவு கோரலாம். இந்தியக் குடிமக்களை மணந்தவர்களும் ஏழாண்டு வசிப்புக்குப் பின் கோரலாம். இரண்டாவது, பிரிவு 6இன் கீழ் இயல்பாக்கம். இது நீண்டகால வசிப்பின் பேரில் வழங்கப்படும் குடியுரிமை. விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் மொத்தம் பதினோராண்டுகளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

ஏழாண்டு, பன்னிரண்டாண்டு என்ற கணக்கைப் பார்த்தால் முகாம்வாசிகள் எல்லோரும் எப்போதோ தகுதி பெற்றிருக்க வேண்டும். தடை வேறிடத்தில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லைக் குடியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது; 2004 டிசம்பர் 3 முதல் அது நடைமுறைக்கு வந்தது. செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இன்றி நுழைந்தவரும், அனுமதிக்கப்பட்ட காலத்தைத் தாண்டித் தங்கியவரும் அச்சொல்லுக்குள் அடங்குவர். அத்தகையவர் மேற்சொன்ன இரு வழிகளிலும் விண்ணப்பிக்க முடியாது. அவர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதற்கு இங்கு மதிப்பில்லை. எப்படி வந்தார் என்பதுதான் கேட்கப்படுகிறது.

குண்டுவீச்சுக்குத் தப்பி இரவில் படகேறியவர் விசா வாங்கிக்கொண்டு வரமுடியாது. இப்படிப்பட்டவர்களுக்காகவே உலக நாடுகள் 1951இல் அகதிகள் உடன்படிக்கையை உருவாக்கின. இந்தியா அதில் கையொப்பமிடவில்லை. நாடற்றோர் குறித்த 1954, 1961 உடன்படிக்கைகளிலும் இந்தியா சேரவில்லை. ஆதலால் ‘அகதி’ என்பது நம் நாட்டில் நிர்வாகச் சொல்லாகவே இருக்கிறது. உதவித்தொகைப் பதிவேட்டில் அவர் அகதி. குடியுரிமைச் சட்டத்தின் முன் சட்டவிரோதக் குடியேறி.

மலையேறியவரும் கடல் கடந்தவரும்

மலையகத் தமிழர் வழக்கு மற்ற அகதிகளின் வழக்கிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறே விளக்கம் தரும்.

இன்றைய தேனி மாவட்டம் 1996 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து கூலிகளாக வெளியேறியவர்கள் பல திசைகளில் போனார்கள். கம்பம், போடி வழியாகக் குமுளிக்கும் பீர்மேட்டுக்கும் தேவிகுளத்துக்கும் மலையேறியவர்கள் ஒரு சாரார். கங்காணியின் பின்னே மண்டபம் வந்து, அங்கிருந்து கடல் கடந்து கண்டிச் சீமைக்குப் போனவர்கள் இன்னொரு சாரார். வறுமையும் சாதிக் கொடுமையும் இரு சாராரையும் துரத்தின. தேயிலையும் ஏலமும் காப்பியும் இரு சாராரின் உழைப்பையும் உறிஞ்சின.

மலையேறியவர்கள் சென்றதும் அன்று வேறோர் ஆட்சிப்பகுதிக்கே. பீர்மேடும் தேவிகுளமும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. ஆனால் திருவிதாங்கூர் இந்தியாவுடன் இணைந்தது. 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அத்தொழிலாளர்கள் எந்த விண்ணப்பமும் எழுதாமல் இந்தியக் குடிமக்கள் ஆயினர். 1956இல் அப்பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்தபோதும் அவர்களின் குடியுரிமைக்குக் குறைவு நேரவில்லை.

கடல் கடந்தவர்களின் கதை வேறாயிற்று. சுதந்திர இலங்கையின் முதல் அரசு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் வழியாக ஏறத்தாழ ஏழு லட்சம் தோட்டத் தமிழரைக் குடியுரிமையற்றவர்கள் ஆக்கியது. வாக்குரிமையும் பறிபோனது. இந்தியா அவர்களைத் தன் குடிமக்களாக ஏற்கவில்லை. பதினாறு ஆண்டுகள் அவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரையும் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளையும் இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதாகவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பதாகவும் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. 1974இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்பேச்சுகளில் அம்மக்களின் பிரதிநிதிகளுக்கு இடமிருக்கவில்லை.

ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடிமக்களாகப் பதிவுபெற்று இலட்சக்கணக்கானோர் தாயகம் திரும்பினர். முன்னோர் கப்பலேறிய அதே மண்டபம் முகாமில்தான் அவர்கள் வந்திறங்கினர். ஆனால் ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறவில்லை. 1980களின் தொடக்கத்தில் காலம் முடிந்துவிட்டதென்று இந்தியா புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் போக்குவரத்தும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்த பல்லாயிரம் பேரும் தோட்டங்களிலேயே தங்கிவிட நேர்ந்தது.

1977இலும் 1983இலும் நடந்த வன்முறைகளில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட மலையக மக்கள் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறினர். போர் அங்கும் வந்தது. அவர்கள் படகேறி இராமேசுவரம் வந்தபோது நம் அரசு அவர்களை ‘இலங்கை அகதிகள்’ என்று பதிந்தது. 1964இல் ‘இந்திய வம்சாவளியினர்’ எனப்பட்டவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் இருபதாண்டுகளில் ‘அயல்நாட்டவர்’ ஆயினர். முன்னோரின் மண்ணுக்கே வந்தபோதும் அவர்களைக் கணக்கெடுத்த பதிவேடு மட்டும் மாறிவிட்டது.

பாட்டனாரை மறந்த பிரிவு

அரசமைப்புச் சட்டத்தின் குடியுரிமைக் கூறுகளை அண்ணல் அம்பேத்கர் 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தார். அவற்றுள் 8ஆம் கூறு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினரைப் பற்றியது. ஒருவரோ, அவருடைய பெற்றோரில் ஒருவரோ, அவருடைய பாட்டன் பாட்டியரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் இந்தியத் தூதரகத்தில் குடிமகனாகப் பதிவு பெறலாம் என்று அக்கூறு சொன்னது. புலம்பெயர்ந்த கூலிகளின் மூன்று தலைமுறையை அது கணக்கில் கொண்டது.

இன்று நடைமுறையிலுள்ள பிரிவு 5இன் விளக்கம் அவ்வளவு தூரம் போவதில்லை. விண்ணப்பதாரரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால்தான் அவர் ‘இந்திய வம்சாவளியினர்’. பாட்டனார் சின்னமனூரில் பிறந்து, தந்தை நுவரெலியாத் தோட்டத்தில் பிறந்திருந்தால், மகள் இப்பிரிவின்படி வம்சாவளியினர் ஆகமாட்டார். ஆனால் அவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்றே எழுதப்பட்டிருக்கும். இலங்கை அவரை இந்தியர் என்றது. இந்தியா அவரை இலங்கையர் என்கிறது.

ஒரே வீட்டில் மூன்று நிலைகள்

பிறப்பால் வரும் குடியுரிமையைப் பற்றிய பிரிவு 3ஐச் செயற்பாட்டாளர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அது பிறந்த தேதியை வைத்து மூன்று விதமாகப் பேசுகிறது.

1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூன் 30க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருப்பினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இங்கு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்கவேண்டும்; ஒருவர் மட்டும் குடிமகன் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தல் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1984இல் அகதிகளாக வந்த ஒரு தம்பதியருக்கு மூத்த மகள் 1986இல் முகாமில் பிறக்கிறாள். இளைய மகன் 1995இல் பிறக்கிறான். மூத்தவள் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். தம்பி அயல்நாட்டவன். அந்த மூத்த மகள் முகாமிலேயே ஓர் அகதியை மணந்து 2006இல் ஒரு குழந்தை பெறுகிறாள். தாய் இந்தியக் குடிமகளாக இருந்தும், தந்தை சட்டவிரோதக் குடியேறி எனக் கருதப்படுவதால் அக்குழந்தைக்குப் பிறப்புரிமை மறுக்கப்படுகிறது. ஒரே கூரை, ஒரே உதவித்தொகை அட்டை, ஆனால் சட்டத்தில் மூன்று வேறு மனிதர்கள்.

இது ஏட்டளவிலான வாதம் என்று கருதிவிட வேண்டாம். 1986இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண்ணொருவர் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஏற்றது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவருக்கு அந்த உரிமை 2022இல் புதிதாகப் பிறந்துவிடவில்லை. 1986 முதலே அவருடையதாக இருந்ததை முப்பத்தாறு ஆண்டுகள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதே நிலையில் உள்ளவர்கள் வேறு முகாம்களிலும் இருக்கக்கூடும். அவர்களைத் தேடிக் கண்டறிவது நம் வேலை.

குடியுரிமை இல்லாததன் பொருள்

2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. புதிய வீடுகளைக் கட்டித்தர முன்வந்தது. மாதாந்திர உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், பிற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், சிறுவர்களுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தியது. அப்போது மாநிலத்தின் முகாம்களில் சுமார் 58,000 பேர் வாழ்ந்துவந்தனர். இந்நடவடிக்கைகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் மாநில அரசு வீடு கட்டித்தரலாம், குடியுரிமை தரமுடியாது. அவ்வதிகாரம் ஒன்றிய அரசிடம் மட்டுமே உள்ளது.

அரசமைப்பின் 14, 21ஆம் கூறுகள் ‘எந்த ஒரு நபருக்கும்’ என்று பேசுவதால் சமத்துவமும் உயிர்வாழ் உரிமையும் முகாம்வாசிக்கும் உண்டு. 15, 16, 19ஆம் கூறுகளின் உரிமைகளோ குடிமக்களுக்கானவை. பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை, நாடெங்கும் சென்று வாழும் உரிமை, அரசு வேலையில் சமவாய்ப்பு ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. கம்பம், கூடலூர்ப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் அந்தியில் திரும்புகிறார்கள். அவர்களின் உழைப்பும் சுரண்டப்படுகிறது. ஆனால் எங்கே போகிறாய் என்று கேட்க அரசுக்கு உரிமையில்லை. முகாம்வாசி வெளியூர் சென்று தங்கி வேலை செய்ய வேண்டுமானால் முகாம்த் தணிக்கை நாளை நினைவில் வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும்.

நிலத்தைப் பாருங்கள். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே உண்டு. நிலமில்லாததால் ஊரைவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், திரும்பிவந்த பின்னும் மூன்று சென்ட் நிலத்தைத் தம் பெயரில் பதிய முடியவில்லை.

கல்வியைப் பாருங்கள். பட்டம் பெறலாம்; அதன் பின் வரும் கதவுகள் மூடப்படுகின்றன. வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 24, வழக்கறிஞராகப் பதிவு பெற இந்தியக் குடியுரிமையைப் பொது விதியாக வைக்கிறது. அரசுப் பணித் தேர்வுகளும் அவ்வாறே. படித்த இளைஞர்கள் பலர் வர்ணம் பூசும் வேலைக்கே திரும்புவதன் காரணம் இதுதான்.

சாதியின் இடம் இன்னும் விசித்திரமானது. பட்டியல் சாதிகளை அறிவிக்கும் 1950ஆம் ஆண்டு ஆணை மாநிலவாரியாக, அங்கு வாழும் சமூகங்களைச் சார்ந்து எழுதப்பட்டது. மலையகக் குடும்பங்கள் அப்போது கடலுக்கு அப்பால் இருந்தன. திரும்பி வந்த பிறகு, வேலைக்குப் போகும் ஊரில் அவர்களின் சாதி கேட்கப்படுகிறது. டீக்கடையிலும் திருமணப் பேச்சிலும் அது நினைவூட்டப்படுகிறது. அரசு வேலையின் இடஒதுக்கீடோ குடியுரிமை என்ற வாசலைத் தாண்டியவர்களுக்கே. சாதியின் சுமை முழுமையாக அவர்கள் தோளில் இருக்கிறது. அச்சுமைக்கு அரசமைப்பு வழங்கும் ஈடு அவர்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

நீதிமன்றமும் நிர்வாகமும்

முகாம்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை 2019 ஜூன் 17 அன்று அளித்த தீர்ப்பு முக்கியமானது. தோட்டத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்களை மற்ற அயல்நாட்டவரோடு சேர்த்து எண்ணக்கூடாது. சட்டத்தின் கடுமையைத் தளர்த்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு உள்ளுறையாக உண்டு என்பது நீதிமன்றத்தின் பார்வை. விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் தாமதமின்றி மேலனுப்ப வேண்டும், ஒன்றிய அரசு பதினாறு வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆயினும் எந்த முடிவு என்பதை அரசின் கையிலேயே விட்டது. நீதிமன்றம் கதவைத் தட்டச் சொல்லலாம்; திறக்கவேண்டியது அரசு.

ஆட்சியர் அலுவலகத்திலேயே விண்ணப்பத்தை முடக்கிவைக்க முடியாது என்பதற்கு இன்னும் வலுவான முன்னுதாரணம் உண்டு. அருணாச்சலப் பிரதேசத்தின் சக்மா மக்கள் பற்றிய 1996ஆம் ஆண்டு வழக்கில் உச்சநீதிமன்றம், விண்ணப்பத்தைப் பெறும் மாவட்ட அதிகாரி அதை ஒன்றிய அரசுக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்றும், ஏற்பதா மறுப்பதா என்பதைத் தீர்மானிக்க அவருக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னது. 2015இல் அதே மக்களின் குடியுரிமையை விரைந்து முடிக்கும்படி மீண்டும் ஆணையிட்டது.

கதவு யாருக்காகத் திறந்தது?

சட்டவிரோதக் குடியேறி என்ற பூட்டைத் திறக்க முடியாது என்று அரசு சொல்ல இயலாது. ஏனெனில் அது ஏற்கெனவே ஒரு முறை திறந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் கடவுச்சீட்டு, அயல்நாட்டவர் விதிகளிலிருந்து விலக்களித்து அறிவிக்கை வெளியிட்டது. மறு ஆண்டு ஆப்கானிஸ்தானையும் சேர்த்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அவ்விலக்குப் பெற்றோரில் 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தவரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக்கூடாது என்றது. இயல்பாக்கத்துக்கான பதினோராண்டை ஐந்தாண்டாகக் குறைத்தது. அதற்கான விதிகள் 2024 மார்ச் 11 அன்று அறிவிக்கப்பட்டன. இடையில் 2021 மே மாதத்தில், குஜராத், ராஜஸ்தான் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் 13 மாவட்ட ஆட்சியர்களுக்கு, அம்மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்குக் குடியுரிமை வழங்கும் அதிகாரமே தரப்பட்டது. இலங்கை இப்பட்டியல் எதிலும் இல்லை. இராமநாதபுரம், தேனி ஆட்சியர்களுக்கு அத்தகைய அதிகாரமும் இல்லை.

2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அயல்நாட்டவர் சட்டத்தோடு வெளியான விலக்காணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான விதிகளிலிருந்து விடுவித்தது. பத்தாண்டுகளுக்கு முன் மற்றவர்களுக்குக் கிடைத்த முதல் படி இதுவே. இரண்டாம் படி இன்னும் வரவில்லை. விலக்காணை குடியுரிமை ஆகாது.

இங்கே நம் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இலங்கையையும் சேர்த்துவிடுங்கள் என்று கேட்பது நம் கோரிக்கையாக இருக்கக்கூடாது. மதத்தை வைத்துக் குடிமக்களைத் தெரிவு செய்யும் சட்டத்தை நாம் ஏற்கவில்லை. மலையகத் தமிழரின் உரிமை மதத்தால் வந்ததல்ல. இரு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் வந்தது. அதை அவர்கள் கருணையாகக் கேட்க வேண்டியதில்லை. நிலுவைக் கடனாகக் கேட்கலாம்.

ஒரு மறுப்பு எழக்கூடும். இலங்கை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 1964 அக்டோபர் 30 முதல் அங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தந்தது; 2009இல் இந்தியாவில் தஞ்சம் புகுந்தவர்களுக்கும் வழி திறந்தது; அவர்கள் அங்கே போகட்டுமே என்பது அம்மறுப்பு. திரும்பிச் செல்ல விரும்புவோருக்கு அவ்வுரிமை காக்கப்பட வேண்டும். அதற்கு உதவுவதும் நம் கடமையே. ஆனால் தெரிவு அவர்களுடையதாக இருக்கவேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, அத்தீவைக் கண்ணாலும் காணாத பிள்ளைகளிடம் ஊர் திரும்பு என்பதில் நீதியில்லை. அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இந்தியா கற்கவேண்டியது வேறொன்று. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் குடியுரிமையைப் பறித்த நாடு, ஒரு தேதியையும் வசிப்பையும் மட்டும் அளவுகோலாக வைத்து அதைத் திருப்பித் தந்தது. அதுபோன்றதொரு சிறு சட்டத்தை நம் நாடாளுமன்றமும் இயற்றலாம். அரசமைப்பின் 11ஆம் கூறு அதற்கு முழு அதிகாரம் தருகிறது.

நாம் செய்யக்கூடியவை

சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முகாம்களில் இருப்போர் எல்லோரும் சட்டத்தின் முன் ஒரே நிலையில் இல்லை என்பதை மேலே கண்டோம். ஆகவே குடும்பம் குடும்பமாகப் பிரித்தறிவதே முதல் வேலை.

ஒன்று, பிறந்த தேதியும் இடமும். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவமனைப் பதிவு, முகாம்ப் பதிவேடு ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். இவர்கள் குடியுரிமை கோரி விண்ணப்பிக்கத் தேவையில்லை, ஏற்கெனவே குடிமக்கள். கடவுச்சீட்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். மறுத்தால் மதுரைக் கிளைக்குச் செல்லலாம். 2004 டிசம்பர் 3க்கு முன் இங்கு பிறந்து, பிறக்கும்போது பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தவர்களும் அவ்வாறே.

இரண்டு, பழைய தாள்கள். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் வழங்கிய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, குடியுரிமைப் பதிவுச் சான்று ஆகியவை பாட்டியின் தகரப்பெட்டியில் கிடக்கலாம். தந்தை இந்தியக் குடிமகனாகப் பதிவு பெற்ற பின் இலங்கையில் 1992 டிசம்பர் 10க்கு முன் பிறந்த பிள்ளை, பிரிவு 4இன்படி வம்சாவழியால் இந்தியக் குடிமகன் என்று வாதிட இடமுண்டு. தோட்டத்துச் செக்ரோல் பதிவும் ‘இந்தியத் தமிழர்’ என்று குறித்த பிறப்புச் சான்றும்கூடச் சான்றாகப் பயன்படும். அவற்றை எறிந்துவிடாமல் நகலெடுத்துக் காப்பது அவசியம்.

மூன்று, எழுத்துப்பூர்வமான விண்ணப்பம். படிவம் செல்லத்தக்க அயல்நாட்டுக் கடவுச்சீட்டின் நகலைக் கேட்கிறது. அது இல்லாதவர்கள் அவ்விவரத்தையும் காரணத்தையும் இணைப்பில் எழுதி, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறவேண்டும். ஒப்புகை இல்லாமல் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

நான்கு, மாணவர்களின் பங்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. எனவே விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று முகாம்வாசி கேட்டறிய முடியாது. பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவர் கேட்கலாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12 ‘நபர்’ என்றே பேசுகிறது. பெண்கள், குழந்தைகள், இனவன்முறையால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெறக் குடியுரிமை நிபந்தனையாக வைக்கப்படவில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தை முகாமுக்கு வரச்செய்வது நம்மால் இயலும்.

ஐந்து, தாயகம் திரும்பிய குடும்பங்களையும் மறக்கக்கூடாது. அவர்கள் சட்டப்படி இந்தியக் குடிமக்கள். ஆயினும் 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், மேலே சொன்ன அதே பிறந்த தேதிகளை வைத்தே ஆவண வகைகளைப் பிரித்தது. பெற்றோரின் பதிவுச் சான்று தொலைந்துபோன ஏழைக் குடும்பத்துக்கு, குடியுரிமை ஒருமுறை பெற்றால் போதும் என்ற நிம்மதி இனி இல்லை. அவர்களின் பத்திரங்களையும் இப்போதே பாதுகாக்க வேண்டும்.

‘எத்தனை ஆண்டுகள்?’ என்ற கேள்விக்கு இன்றைய சட்டம் தரும் பதில், எத்தனை ஆண்டுகளானாலும் போதாது என்பதே. அப்பதிலை மாற்ற நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். அதைக் கொண்டுவரச் செய்வது அரசியல் வேலை. முகாமிலுள்ள ஒவ்வொரு குடும்பத்தின் தேதிகளையும் தாள்களையும் எழுதிவைப்பது சட்ட வேலை. முன்னதற்கு ஆண்டுகள் ஆகலாம். பின்னதை இந்தக் கல்வியாண்டிலேயே, நான்கு மாணவர்களும் ஒரு வழக்கறிஞரும் சேர்ந்தால், ஒரு முகாமுக்கு முடித்துவிடலாம்.